இன்னொரு கோர்ஸ் வாங்குவதற்கு முன்

நான் புத்தகங்களுக்குப் பிழை திருத்திப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். தொழில் கைவசம் இருந்தது, வாடிக்கையாளர்களைப் பிடிக்கத்தான் வரவில்லை. அதைக் கற்றுக்கொள்கிறேன் என்று மூன்று வருடத்தில் 23 ஆன்லைன் கோர்ஸ் வாங்கினேன். கடைசிப் பாடம் வரை பார்த்தது 2. தொழிலுக்கான மென்பொருள் டூல்கள் 9, அவற்றில் நான்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உங்களுக்கும் இதே பழக்கம் இருந்தால், எனக்குப் பலன் தந்ததை அப்படியே சொல்கிறேன். செய்து பாருங்கள்.

முதல் வேலை கணக்கெடுப்பு. ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள். மின்னஞ்சலில் 'ரசீது', 'ஆர்டர்' என்று தேடுங்கள். கார்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: வாங்கிய பொருள், வாங்கிய நாளும் நேரமும், எதுவரை பயன்படுத்தினீர்கள், அன்றைக்கு உண்மையில் நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை என்ன.

நான்காவது கட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மற்ற மூன்றும் காசுக் கணக்கு. இதுதான் பழக்கத்தின் வேர். பழைய காலண்டரையும் அனுப்பாமல் கிடந்த வரைவுகளையும் புரட்டித்தான் நான் அதை நிரப்பினேன். மின்னஞ்சல் மார்க்கெட்டிங் கோர்ஸ் வாங்கிய அன்று, ஒரு பதிப்பாளருக்கு விலை சொல்லி ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் மேலாண்மை டூல் வாங்கிய அன்று, பாக்கி வைத்திருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அப்போது என்னிடம் இருந்த வாடிக்கையாளர்கள் ஆறே பேர். கோர்ஸ்களுக்கான 23 வரிகளில் 16 வரிகள் இப்படித்தான் இருந்தன. கூச்சமோ பயமோ தரும் ஒரு வேலை முன்னால் நின்றது, அதைத் தொடாமல் கோர்ஸ் வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ராபர்ட் விக்லண்ட், பீட்டர் கோல்விட்சர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் முன்வைத்தது அது. 'நான் இன்னார்' என்று ஆக விரும்பும் ஒருவருக்கு அதில் குறை இருப்பதாகத் தோன்றினால், அந்த அடையாளத்தைக் காட்டும் சின்னங்களைச் சேர்க்கத் தொடங்குவார் என்றார்கள். கோர்ஸ் வாங்கிய ரசீது அப்படி ஒரு சின்னம். அது கைக்கு வந்ததும் தொழில் ஓர் அடி நகர்ந்த மாதிரி மனது அடங்கிவிடுகிறது. பதிப்பாளருக்கான மின்னஞ்சல் மட்டும் வரைவிலேயே கிடக்கிறது.

அதனால், சும்மா 'இனி வாங்க மாட்டேன்' என்று முடிவெடுத்தால் அது நிற்காது. எனக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அதே கோல்விட்சர் 1999இல் எழுதிய இன்னொரு விஷயம் இங்கே உதவியது. 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று சந்தர்ப்பத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால், வெறும் தீர்மானத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது. நான் எழுதி ஒட்டியிருக்கும் வாக்கியம் இது: "விற்பனைப் பக்கத்தில் கீழே இறங்கி விலையைத் தேட ஆரம்பித்தால், நான்காவது கட்டத்தை எழுதிவிட்டு, அந்த வேலையை 25 நிமிடம் செய்வேன்." வாங்கக் கூடாது என்று அதில் இல்லை, கவனியுங்கள். அந்த 25 நிமிடத்துக்குப் பிறகும் வேண்டும் என்றால் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, 14 நாள் விடுகிறேன்.

அந்த நோட்டில் முதல் எட்டு மாதத்தில் 19 பெயர்கள் ஏறின. வாங்கியது ஒன்று: பெரிய கோப்புகளில் சொல்லடைவு (புத்தகத்தின் கடைசியில் வரும் சொற்பட்டியல்) தயாரிக்கும் டூல். கையில் இருந்த ஒரே புத்தகத்தில் மூன்று முறை அதே இடத்தில் சிக்கினேன், அதனால் வாங்கினேன். மற்ற 18இல் பாதிக்குமேல், எதற்காக எழுதினேன் என்பதே நினைவில் இல்லை.

14 நாள் காத்திருந்தால் சலுகை போய்விடுமே என்று கேட்பீர்கள். நானும் அந்தப் பயத்தில்தான் பலமுறை வாங்கினேன். ஒருநாள் இரவு இலவச வெபினார் (ஆன்லைன் வகுப்பு) முடிந்ததும் வாங்கும் பக்கம் வந்தது. மேலே சிவப்பில் கடிகாரம் 11 நிமிடம் 40 நொடி காட்டியது. கார்டை எடுத்துவிட்டேன். ஏதோ தோன்ற, அதே பக்கத்தை பிரவுசரின் பிரைவேட் விண்டோவில், அதாவது முன்பு வந்துபோன பதிவு இல்லாத தனிச் சன்னலில், திறந்தேன். அங்கே கடிகாரம் 15:00இல் இருந்து இறங்க ஆரம்பித்தது. இந்த மாதிரிக் கடிகாரங்கள் நீங்கள் முதலில் வந்த நேரத்தை உங்கள் பிரவுசரில் குறித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கெடு காட்டுகின்றன. எல்லாக் கெடுவும் பொய் இல்லை. நேரலை வகுப்புக்கு உண்மையான கடைசி நாள் இருக்கலாம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து வயிறு கலங்கினால், முதலில் பிரைவேட் விண்டோவைத் திறந்துவிடுங்கள். பணம் கட்டும் இடத்தில், விலைக்குக் கீழே சின்னதாக ஒரு டப்பா ஏற்கெனவே டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நான் வாங்கிய டெம்ப்ளேட் தொகுப்புகளில் இரண்டு அப்படி வந்து சேர்ந்தவை.

சில காரியங்களை ஒரே மணி நேரத்தில் முடித்துவிடலாம். பிரவுசரிலும் கடைத் தளங்களிலும் சேமித்த கார்டு எண்களை அழியுங்கள். கார்டை வேறு அறையில் வையுங்கள். எழுந்து போகும் அந்த நேரம் பெரிய உதவி. விற்பனை மின்னஞ்சல்கள் எல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல் தனி ஃபோல்டருக்குப் போக ஒரு ஃபில்டர் போடுங்கள்.

சந்தாவில் கூடுதல் கவனம் வேண்டும். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப்பிளிலும் கூகுள் பிளேயிலும் கணக்கின் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். இது தெரியாமல் ஒரு டூலுக்கு ஏழு மாதம் கட்டினேன். இலவச சோதனைக் காலம் என்றால், முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அலாரம் வையுங்கள். பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று போட்டிருந்தால் அந்த நிபந்தனையை வாங்கும் முன்பே படியுங்கள். பயிற்சிகளைச் செய்த ஆதாரத்தை அனுப்பினால்தான் பணம் என்று சொல்கிற இடங்களும் உண்டு.

அப்புறம், ஏற்கெனவே வாங்கிக் குவித்தவை. 'காசு கொடுத்தாச்சு, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் தொழில்' என்று கிளம்பாதீர்கள். விட்டதைப் பிடிக்கும் ஆட்டம் அது. ஹால் ஆர்க்ஸ், கேதரின் ப்ளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவம் முழுக்க நாடகம் பார்ப்பதற்கான சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் இழுத்தது. நான் 21 கோர்ஸ்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். விலை பேசுவது பற்றியது. அதிலும் ஒரே ஒரு பாடத்தைப் பார்த்து, அன்றே ஒரு விலைப்பட்டியல் எழுதி அனுப்பினேன். மற்றவற்றின் லாகின் விவரங்களை ஒரு கோப்பில் போட்டு மூடிவிட்டேன்.

தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் ஒரு ஆளிடம் சொல்லிவையுங்கள். நான் அக்காவிடம் சொன்னேன். நோட்டில் 14 நாள் தாண்டிய பெயரோடு போனால் அவள் கேட்பது ஒன்றுதான்: "இதை வச்சு அடுத்த வாரம் யாருக்கு என்ன செஞ்சு கொடுக்கப் போற?" பதிப்பாளர் பெயரோடு பதில் சொல்ல முடிந்தது ஒரே தடவை, அந்தச் சொல்லடைவு டூலுக்கு.

சறுக்கவும் செய்வீர்கள். ஐந்தாவது மாதம் எனக்குச் சறுக்கியது. ஒரு பெரிய வேலை கைநழுவிய இரவு, நோட்டையும் தாளையும் தொடாமல் ஒரு கோர்ஸை வாங்கிவிட்டேன். காலையில் எழுந்ததும் முதல் பாடத்தைத் திறக்காமல், பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். நான்கு நாளில் வந்தது. அப்புறம் தாளை எடுத்து 24ஆவது வரியை நிரப்பினேன். நான்காவது கட்டத்தில் எழுதியது: 'ஏன் வேறு ஆளுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும்.' அன்று மதியமே கேட்டுவிட்டேன். மாதிரிப் பக்கம் அனுப்பாததுதான் காரணம் என்றார். இப்போது விலையோடு இரண்டு மாதிரிப் பக்கங்களும் சேர்ந்தே போகின்றன.