ரோத்கோ போல வரையக் கிளம்புகிறவர்களுக்கு

ஓவியர் மார்க் ரோத்கோவின் படத்தைப் பார்த்ததும் "இதை நானே போட்டுவிடுவேன்" என்று தோன்றும். இரண்டு மூன்று செவ்வகம், ஓரம் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதானே? இந்தத் தைரியத்தோடு என் வகுப்புக்கு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். 1903இல் இன்றைய லாட்வியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் மார்கஸ் ரோத்கோவிட்ஸாகப் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அந்த மனிதர், இந்த வகைப் படத்துக்கு வந்து சேர நாற்பது வயதைத் தாண்டியது. பெயின்ட் வழிவது, கேன்வாஸ் தொய்வது எல்லாம் பழகப் பழகச் சரியாகும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஒரே பூச்சில் முடிப்பது

ரோத்கோ படத்தில் நீங்கள் பார்க்கும் சிவப்புக்கு அடியில் எத்தனையோ மெல்லிய பூச்சுகள் இருக்கின்றன. முயல்தோல் பசையில் நிறமியை, அதாவது நிறம் தரும் பொடியை, கலந்து முதலில் கேன்வாஸுக்குக் கொடுப்பார். அதன்மேல் டர்பன்டைன் விட்டு நீர்த்த பெயின்ட். சில படங்களில் முட்டையும்கூட. டியூபைப் பிதுக்கி அப்படியே தடவினால் காம்பவுண்டு சுவர் மாதிரிதான் வரும்.

சின்ன அளவு

ஏ4 தாளில் ரோத்கோ கிடையாது.

வெயிலில் நிற்காத சிவப்பு

இதை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. நன்றாக வரையும் ஒரு பெண், டியூபின் பின்பக்கத்தைப் படிக்காமல், "நல்ல பளிச்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சிவப்பில் பெரிய படம் ஒன்றை முடித்து விற்றும்விட்டார். வாங்கியவர் அதை ஜன்னலுக்கு எதிரே மாட்டினார். சிவப்பு ரோஸாகி, ரோஸ் வெளிறி, கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் ரோத்கோவே இதில் மாட்டியவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 1962இல் வரைந்த பெரிய படங்களில் லித்தால் ரெட் என்ற நிறமியைப் பயன்படுத்தினார். அச்சு மைக்குப் போகும் சரக்கு அது. ஐந்து படங்களை மாடியில், பெரிய ஜன்னல்கள் உள்ள சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். திரையை மூடி வைக்கச் சொல்லியிருந்தும், வெளியே தெரியும் காட்சிக்காக விருந்தினர் திறந்துவிடுவார்களாம். சிவப்பு போனது போனதுதான். 1979இல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். மேலே பூசிச் சரிசெய்யவும் வழியில்லை. 2014இல் ப்ரொஜெக்டரிலிருந்து கணக்குப் பார்த்து வண்ண ஒளியைப் பாய்ச்சித்தான் பழைய நிறத்தைக் காட்டினார்கள். உங்கள் படத்துக்கு யார் ப்ரொஜெக்டர் வைப்பார்கள்?

டியூபில் நிறமிக் குறியீடும், வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்ற மதிப்பீடும் இருக்கும். இல்லையென்றால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் பூசி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பழைய கருஞ்சிவப்பு நிறமி இந்தப் பரீட்சையில் தேறாது.

கறுப்பைப் பார்த்துச் சோகக்கதை கட்டுவது

ரோத்கோ தற்கொலை செய்துகொண்டதால், அவருடைய கறுப்புப் படங்களை அதற்கு முன்னோட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள சிற்றாலயத்துக்காக அவர் வரைந்த இருண்ட படங்கள் 1967இலேயே முடிந்துவிட்டன. தற்கொலை 1970இல். நடுவில் காகிதத்தில் பிரகாசமான நிறங்களிலும் வரைந்திருக்கிறார்.

வார்னிஷ்

அடிக்காதீர்கள். மங்கலும் பளபளப்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதில்தான் பாதி வேலை நடக்கிறது. வார்னிஷ் எல்லாவற்றையும் ஒரே மினுக்கலாக்கிவிடும்.