ரெட்டை நூல் பட்டம்: வித்தைக்கு முன் நூலைச் சமப்படுத்துங்கள்

நுவரெலியாவில் பழகுகிறீர்கள் என்றால் தேயிலைச் சரிவை விட்டுவிட்டு கிரகரி ஏரிக்கரை மாதிரி வெட்டைக்கு வாருங்கள்; மேட்டில் மோதி வரும் காற்று சுழலும், ஒரு நொடி இழுக்கும், அடுத்த நொடி செத்துப்போகும்.

முதலில் நூல். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி 25 மீற்றரும் விரித்து இழுத்துப் பாருங்கள், ஒன்று விரலளவு நீண்டிருந்தாலும் பட்டம் ஒரு பக்கமாகவே சாயும், காற்றில்தான் குறை என்று நினைப்பீர்கள். அப்புறம் முச்சை, அதாவது பட்டத்தில் கட்டியிருக்கும், நூலை மாட்டும் கயிறு. எழும்ப மறுத்தால் நூல் மாட்டும் முடிச்சை மூக்குப் பக்கம் 5 மில்லிமீற்றர் நகர்த்துங்கள், எழும்பியும் பக்கவாட்டில் வளையச் சோம்பினால் கீழே நகர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, வித்தை. இரண்டு கையையும் சட்டென்று முன்னே நீட்டினால் பட்டம் அந்தரத்தில் நிற்கும். இதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். நிற்கும்போது ஒரு கையை லேசாகச் சுண்டி உடனே இரண்டு நூலையும் தளர்த்தினால் வயிறு கீழாகத் தட்டாமாலை சுற்றும், அதுதான் ஆக்சல். பலரும் சுண்டுகிறார்கள், தளர்த்த மறக்கிறார்கள்.

நூல் முறுக்கினால் பயம் வேண்டாம், டைனீமா என்ற செயற்கை இழை நூல் வழுக்கும்; எதிர்ப்பக்கம் அத்தனை சுற்று விட்டால் பிரிந்துவிடும். மின்கம்பிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், இடி கேட்டால் உடனே இறக்குங்கள்.