தமிழ்த் தலைப்பின் வால் வெட்டுப்பட்டால்

தோழியின் சமையல் வலைப்பூவில் 'பூண்டுக் குழம்பு' என்ற தலைப்பு போனில் பார்க்கச் சகிக்கவில்லை. 'பூ', 'ழ', 'பு' மூன்றுக்கும் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. 'ண'வின் சுழிகள் அடைத்துப்போய் மைத்தீற்றலாகத் தெரிந்தன.

வெட்டுக்குக் காரணம் தீமில், அதாவது வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் இருந்தது. தலைப்பின் லைன்-ஹைட் (line-height, ஒரு வரிக்கு ஒதுக்கும் உயரம்) எழுத்தளவைப் போல் 1.1 மடங்கு, அதோடு ஓவர்ஃப்ளோ ஹிடன் (overflow: hidden, பெட்டிக்கு வெளியே போவதை மறைத்துவிடும்). ஆங்கிலத்துக்கு அந்த இடம் போதும், நம் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். தலைப்புக்கு 1.5, பத்திகளுக்கு 1.7 வைத்தேன், ஹிடனை நீக்கினேன். சரியாகிவிட்டது.

சுழி அடைப்புதான் கொஞ்சம் நேரம் எடுத்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 400 எடை (சாதாரணத் தடிமன்; போல்டு என்றால் 700) மட்டும் ஏற்றப்பட்டிருந்தது. போல்டு கேட்டால் பிரவுசர் அதையே தடிமனாக்கிப் பொய் போல்டு காட்டும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். ண, ஜ, ஐ போன்ற சுழி எழுத்துகள் தாங்காது. 700 எடையையும் சேர்த்தேன். பிரவுசர் தானாக எழுத்தை மாற்றாதிருக்க ஃபான்ட்-சிந்தசிஸ்: நன் (font-synthesis: none) என்றும் எழுதிவைத்தேன், இனி பொய் போல்டு, பொய் சாய்வு இரண்டும் வராது. தமிழைச் சாய்த்து எழுதுவது எனக்கு எப்போதுமே உறுத்தல்தான்.

அப்புறம், 'கத்தரிக்காய்ப்பொரியல்' மாதிரி நீளச் சொற்கள் திரைக்கு வெளியே ஓடாமல் உடைந்து அடுத்த வரிக்குப் போக ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்டு (overflow-wrap: break-word) சேர்த்தேன்.

தீம் எதுவானாலும் 'ஸ்ரீ பூ ழூ ணி ஜூ' என்று தலைப்பில் தட்டி, விலை குறைந்த போன் ஒன்றில் பாருங்கள்; வெட்டோ அடைப்போ இருந்தால் தெரிந்துவிடும்.