டச்சில் "நானும் இல்லை" என்று சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் "இல்லை" என்று சொன்னதை டச்சில் ஆமோதிக்கும்போது ஆங்கில வழியில் யோசிக்காதீர்கள். தமிழ் வழிதான் இங்கே சுலபம். அவர் "புரியவில்லை" என்கிறார், உங்களுக்கும் அதே நிலை. "இக் ஓக் நீட்" என்றால் போதும். இக் என்பது நான், ஓக் நம் 'உம்', நீட் இல்லை. நம் "நானும் இல்லை"யின் அதே வரிசை. "இக் நீட் ஓக்" என்று மாற்றினால் தவறு. வெறும் "இக் ஓக்" என்று நிறுத்தினாலும் சரிவராது. அது நேர்மறைப் பேச்சுக்கான பதில்.

"இக் ஹெப் ஹேன் ஃபீட்ஸ்", அதாவது என்னிடம் சைக்கிள் இல்லை. இதில் 'இல்லை' என்பதற்கு ஹேன் வருகிறதே என்று பதிலிலும் "இக் ஓக் ஹேன்" என்று நிறுத்தாதீர்கள். ஹேன் தனக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை எதிர்பார்க்கும். சுருக்கமான பதில் இங்கேயும் "இக் ஓக் நீட்"தான். முழுசாகச் சொல்வதானால் "இக் ஹெப் ஓக் ஹேன் ஃபீட்ஸ்".

தமிழ் காலை வாருகிற இடமும் ஒன்று உண்டு. "எனக்குச் சீஸ் பிடிக்காது" என்பதற்கு டச்சில் "இக் லுஸ்ட் ஹேன் காஸ்" என்பார்கள். நம் மனசில் "எனக்கும்" ஓடுவதால் "மெய் ஓக் நீட்" என்று வந்துவிடும் (டச்சில் மெய் என்றால் என்னை, எனக்கு). ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாய் இக். அதனால் பதிலும் "இக் ஓக் நீட்". மெய் வரவேண்டிய இடம் வேறு: "அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை" என்று ஒருவர் சொன்னால், "என்னையும்தான்" என்பதற்கு "மெய் ஓக் நீட்" சரி. முதல் பேச்சில் அவர் எந்த வேற்றுமையில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டால் குழப்பமே இல்லை.

எழுத்து நடையில் "ஓக் நீட்"டுக்குப் பதிலாக ஏவன்மின் என்ற சொல்லும் உண்டு. அதற்குள்ளேயே எதிர்மறை இருப்பதால் கூடவே நீட் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம். "ஹெட் இஸ் நீட் கௌட், ஹெ?" (குளிரவில்லை, இல்லையா?) என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். நாம் "ஆமாம், குளிரவில்லை" என்று நினைத்து "யா" என்கிறோம். டச்சில் இதை ஆமோதிக்க "நே" என்றுதான் சொல்ல வேண்டும். "நே, ஹெட் இஸ் நீட் கௌட்." குளிருகிறது என்று மறுக்க வேண்டுமானால் வெறும் "யா" போதாது, "யாவெல்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.