‘டேக்’ என்றால் ‘எடு’ மட்டும் இல்லை: நர்ஸ் தங்கைகளுக்கு

இங்கிலாந்துக்கு வேலைக்கு வரும் நம் ஊர் நர்ஸ் தங்கைகள் ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சைக்காகப் பெரிய பெரிய மருத்துவச் சொற்களைப் படித்துவிட்டு வருகிறார்கள். வார்டில் திணற வைப்பது என்னவோ ‘டேக்’ மாதிரி சின்னச் சொற்கள்தான்.

நான் யார்க்ஷயரில் சேர்ந்த முதல் வாரம். இதயம் பலவீனமான ஒரு தாத்தா, பாத்ரூம் வரை நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, ‘தட் டேக்ஸ் இட் அவுட் ஆஃப் மீ’ என்றார். எதையோ பிடுங்கிவிட்டார் என்று பயந்து கையில் மருந்து ஏற்றப் போட்டிருந்த சின்னக் குழாயை, கேனுலாவைப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் கூட இருந்த சிஸ்டரிடம் கேட்டபோதுதான் புரிந்தது: ‘இவ்வளவு நடந்ததுக்கே உடம்புல தெம்பு இல்லாம போச்சும்மா’ என்று அவர் சொல்லியிருக்கிறார். இதய நோயாளி அப்படிச் சொன்னால் உடனே டாக்டர் காதுக்குப் போக வேண்டும். ஓடிப் போய்ச் சொன்னேன்.

அன்றைக்கே ஒரு சின்ன நோட்டு போட்டேன். அதில் அகராதி அர்த்தம் எழுதவில்லை. நம் ஊர் வார்டில் அதே இடத்தில் வாயில் என்ன வருமோ, அந்த முழு வாக்கியத்தை எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாத்திரையை ‘டேக்’ செய்யச் சொன்னால் ‘மாத்திரை போடுங்க’. பிரஷரை ‘டேக்’ செய்தால் பிரஷர் பார்க்கிறோம். ‘டேக் எ டீப் பிரெத்’, மூச்சை நல்லா இழுங்க. ‘டேக் எ சீட்’, உட்காருங்க. தையலை ‘டேக் அவுட்’ செய்வது பிரிப்பது. பத்து நிமிஷம் ‘டேக்’ ஆகும் என்றால் பத்து நிமிஷம் பிடிக்கும். ‘எடு’ நேராகப் பொருந்துவது ரத்தத்துக்கும் எக்ஸ்ரேவுக்கும்தான்.

அதிகக் கவனம் வேண்டியது ‘காண்ட் டேக்’. ‘ஐ காண்ட் டேக் இட் எனி மோர்’ என்றால் தாங்க முடியவில்லை. வலி பத்துக்கு எத்தனை என்று அப்போதே கேளுங்கள். ‘ஐ காண்ட் டேக் பென்சிலின்’ என்றால் மாத்திரையை விழுங்க முடியாது என்பதல்ல, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. தடிப்பு வந்ததா, முகம் வீங்கியதா, மூச்சு திணறியதா, வயிற்றைப் புரட்டியது மட்டும்தானா என்று கேட்டு எழுதுங்கள். கெட்ட செய்தி கேட்டவர் ‘ஐ காண்ட் டேக் இட் இன்’ என்பார். சொன்னது இன்னும் மனதில் ஏறவில்லை என்று அர்த்தம். அப்போது மேலே மேலே விளக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். ‘இன்’ என்ற ஒரு குட்டிச் சொல்தான் வித்தியாசம். அதனால் ‘டேக்’ காதில் விழுந்ததும் அதற்குப் பின்னால் வருவதற்குக் காதைத் தீட்டுங்கள். ‘டேக் ஹிம் ஆஃப் ஆக்சிஜன்’ என்று டாக்டர் சொன்னால் ஆக்சிஜனை நிறுத்தச் சொல்கிறார்.

நாம் சொல்லிப் பழகிய ‘டேக் ரெஸ்ட்’ இங்கே புரியும். ‘ஹேவ் யூ டேக்கன் ஃபுட்?’ மட்டும் வேண்டாம், ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்று கேளுங்கள்.

‘டேக்’ என்ற இந்தச் சொல்லே, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளோடு கடல் தாண்டி வந்ததுதான். அதற்கு முன் இந்த இடத்தில் ஆங்கிலத்தில் இருந்தது ‘நிமன்’. இந்த யார்க்ஷயரில் இருக்கும் யார்க் நகரமே ஒரு காலத்தில் வைக்கிங்குகள் கையில் இருந்தது. வந்த சொல் இருந்த சொல்லைத் தள்ளிவிட்டு, இத்தனை வேலையையும் தானே பார்க்கிறது. எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

அப்புறம், பாடப் புத்தகத்தில் கிடைக்காத இரண்டு. அவசரமாக வரும் நோயாளிகளை அன்று சேர்த்துக்கொள்ளும் டாக்டர் குழுவின் டியூட்டிக்கே இங்கே ‘டேக்’ என்று பெயர். அப்படிச் சேர்ந்தவர்களைப் பெரிய டாக்டர் வந்து பார்ப்பது ‘போஸ்ட் டேக் ரவுண்ட்’. இன்னொன்று ‘டிடிஓ’, அதாவது ‘டு டேக் அவுட்’. டிஸ்சார்ஜ் ஆகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்து அது. ‘டிடிஓ வந்துடுச்சா?’ என்று ஃபார்மசிக்குப் போன் போடுவதே மதியத்தில் பாதி வேலையாக இருக்கும். அந்தப் பை வந்ததும், எதை எப்போது போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு அனுப்புங்கள்.