கிட்னிக்குக் காத்திருக்கும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் டயாலிசிஸ் ஹாலில் என் பக்கத்துப் படுக்கைக்கு ஒரு தம்பி புதிதாக வந்தான். ஊர் பர்கூர் பக்கம், ஓசூரில் கம்பெனி வேலை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கழுத்தில் இன்னும் டயாலிசிஸுக்கான டெம்பரரி டியூப்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டானாம். தங்கை கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டாயிற்றாம். கடைவாய்ப் பல்லில் ஓட்டை, ராத்திரியில் வலிக்கிறதாம். கேட்டால் "எல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்க்கா" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பதறிவிட்டது. இதே ஹாலில், ஜன்னலோரப் படுக்கையில் படுத்துக்கொண்டு நானும் அதைத்தான் சொன்னேன், எழுத்துப் பிசகாமல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், கிருஷ்ணகிரியில் டயாலிசிஸ். வீட்டில் கொடுக்க முன்வந்தவர்கள் யாருக்கும் மருத்துவப்படி ஒத்துவரவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்காக தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று அமைப்பான டிரான்ஸ்டானின் பட்டியலில் பதிந்து இது ஐந்தாவது வருடம். இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, டயாலிசிஸைத் தவறவிடாதே என்பதையெல்லாம் நர்ஸ் முதல் நாளே சொல்லிவிடுவார். அதை நான் திரும்பச் சொல்லவில்லை.

நாலு மணி நேரமும் தூங்கிக் கழிப்பது

ஒரு மணி நேரம் கண் அசந்தால் தப்பில்லை. முழுக்கத் தூங்கினால் ராத்திரி தூக்கம் வராது. ராத்திரி முழித்துக் கிடந்தால் தாகம் எடுக்கும், மனசு எங்கெங்கோ போகும், விடிவதற்குள் சொம்புத் தண்ணீர் காலியாகியிருக்கும். அடுத்த முறை எடை பார்க்கும்போது மூன்று கிலோ ஏறியிருக்கும். அதை மிஷின் இழுக்கும்போது பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அலறுவோம்.

ஊசி குத்திய கையை அசைக்க முடியாது. பூக்கட்ட முடியாது, ஹெம்மிங் போட முடியாது. ஒரு கையால் என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்தது ஆடுபுலி ஆட்டம். சேலைப் பெட்டி அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் வரைந்தேன். பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை, மூன்று புலிக்குப் பெரிய கோட்டுப் பித்தான். இரண்டு படுக்கைக்கும் நடுவில் இருக்கும் ஸ்டூலில் வைத்தால் இருவருக்கும் கை எட்டும். ஆடு வைத்திருப்பவர் புலியை அடைக்க நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம்கூட இழுக்கும். பல்லாங்குழியும் ஒரு கையால் ஆடலாம், ஆனால் சத்தம் வரும், தூங்குகிறவர்கள் திட்டுவார்கள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம்"

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெயர் பதிந்த அன்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஆறு மாதத்தில் கூப்பிடுவார்கள், மிஞ்சிப் போனால் ஒரு வருடம். அதுவரை எதையும் தொட வேண்டாம். தையல் மிஷின் மேல் பழைய சேலையைப் போட்டு மூடினேன். வாடிக்கையாக வருகிறவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பினேன். மகளின் சடங்கைத் தள்ளிப் போட்டேன். பல்லையும் அப்படித்தான் தள்ளிப் போட்டேன்.

வலது கீழ்க் கடைவாய்ப் பல். இனிப்புப் பட்டால் சுரீர் என்றிருக்கும். கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வேன். வலி பொறுக்காத ராத்திரியில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். அதுவும் பெரிய தப்பு. கடையில் கேட்டால் கொடுக்கும் வலி மாத்திரைகளில் பல, மிச்சம் இருக்கும் கிட்னி வேலையையும் கெடுக்கக்கூடியவை. நமக்கு எது ஆகும் என்று டயாலிசிஸ் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது.

பதிந்த இரண்டாம் வருடம், மார்கழி மாதம். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு போன் அடித்தது. சென்னையிலிருந்து ஒருங்கிணைப்பாளர். "ஒரு கிட்னி வருது, உடனே கிளம்பி வாங்க. எதுவும் சாப்பிடாதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கார் பிடிக்க ஓடினார். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஒவ்வொரு ஊர்ப் பலகையாகப் பார்த்துக்கொண்டே போனேன். வழி முழுக்கக் கன்னம் விண்விண் என்று தெறித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சல் பார்த்தார்கள், 101 டிகிரி. ஒரு இளம் டாக்டர் டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னார். ஈறை லேசாக அழுத்தினார். சீழ் வந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மாற்றுச் சிறுநீரகத்தை நம் உடம்பு வெளிப்பொருள் என்று நினைத்து எதிர்க்கும். எதிர்க்காமல் இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்குவார்கள். அந்த நேரத்தில் உடம்பில் எங்காவது சீழ் இருந்தால் அது ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் எந்த டாக்டரும் அந்த நிலையில் ஆபரேஷன் செய்ய மாட்டார். அவர்கள் மேல் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்த டாக்டரே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த முறை முடியாதும்மா" என்றார். பட்டியலில் அடுத்து இருந்தவருக்குப் போயிற்று. நன்றாக இருக்கட்டும் அவர்.

திரும்பி வரும்போது ஆம்பூர் தாண்டி வண்டியை நிறுத்தினோம். வீட்டுக்காரர் டீ வாங்கி வந்து கொடுத்தார். அரை டம்ளர் குடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே ஊற்றினேன், அன்றைய தண்ணீர்க் கணக்கை நினைத்து. அப்போதுதான் அழுகை வந்தது.

அந்தப் பல்லை எடுக்க அரசு மருத்துவமனையில் காசு வாங்கவில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இன்று வரை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

ஆகையால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெயர் பதிந்த மாதமே பல் டாக்டரைப் பாருங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில் போங்கள், ஏனென்றால் மிஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுவார்கள், அன்றைக்குப் பல் எடுத்தால் ரத்தம் நிற்பது கஷ்டம். டயாலிசிஸ் என்று மறக்காமல் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். காலில் புண், காதில் சீழ், நாள்பட்ட இருமல் எதையும் ஒத்திப் போடாதீர்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி நமக்கு மற்றவர்களைவிட அதிக அளவில், பல தவணைகளில் போட வேண்டும். ஒரு தவணை போட்டுவிட்டு மறந்தவர்கள் எங்கள் ஹாலிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேன் மாதிரியான பரிசோதனைகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொன்னால் அந்த வாரமே செய்துவிடுங்கள். கூப்பிடும் ராத்திரியில் எதையும் சரிபண்ண நேரம் இருக்காது.

வேலையும் அப்படித்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் வரும், மாற்று ஆபரேஷனும் வரும். ஆனால் வாரம் மூன்று முறை பஸ், கூட வருகிறவரின் சாப்பாடு, ஆபரேஷனுக்குப் பிறகு சென்னையில் தங்கும் வாடகை எல்லாம் கைக்காசு. அந்த ராத்திரிக்குப் பிறகு நான் மிஷின் மேலிருந்த சேலையை எடுத்தேன். சக்கரம் துருவேறி இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் முழுக்கத் துடைத்தேன். டயாலிசிஸ் இல்லாத நாளில் இரண்டு ஜாக்கெட் தைக்கிறேன். முடிந்தால் வேலையை விடாதீர்கள். ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள், டயாலிசிஸ் யூனிட்டிலும் நேரத்தை மாற்றித் தரக் கேளுங்கள். மகளின் சடங்கைத் தை மாதத்தில் வைத்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் நலங்கு வைத்தேன், ஆனால் வைத்தேன்.

தொப்பூர் விபத்துச் செய்தியைத் தேடிப் படிப்பது

இதை வெளியில் யாரும் பேச மாட்டார்கள். தொப்பூர் கணவாயில் லாரி மோதியது என்று டிவியில் ஓடினால் எங்கள் ஹாலில் ஒரு அமைதி வரும். எல்லோருக்கும் ஒரே நினைப்பு. அப்புறம் அப்படி நினைத்ததற்காக ராத்திரி முழுக்க மனசு குத்தும். சிலர் போனில் விபத்துச் செய்தியாகத் தேடித் தேடிப் படிப்பார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. விபத்து நடந்த இடத்திலேயே உயிர் போனவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது மூளை முற்றிலும் செயலிழக்க வேண்டும். நான்கு டாக்டர்கள் கொண்ட குழு சோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு மறுபடியும் சோதித்து உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் அழுகைக்கு நடுவில் சம்மதிக்க வேண்டும். நாம் நினைப்பதால் யாரும் சாவதில்லை, நினைக்காமல் இருப்பதால் யாரும் பிழைப்பதும் இல்லை.

2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்தார்கள். அப்படி ஒரு இறுதிச் சடங்குச் செய்தி வரும்போது நான் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் கும்பிடுகிறேன். விபத்துச் செய்தி பார்ப்பதை நிறுத்த எனக்கு உதவியது அதுதான்.

கல்லுக்கான மருந்தைக் குடிப்பது

பொழுது போகாமல் வாட்ஸ்அப்பைத் திறந்தால் வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி முள் கஷாயமும் வரும். அவையெல்லாம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுபவை. கல் வேறு, கிட்னி செயலிழப்பது வேறு. நல்ல மனசோடு உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, "டாக்டரைக் கேட்டுட்டுக் குடிக்கிறேன் அத்தை" என்று சொல்லுங்கள். குடிக்காதீர்கள்.

மாம்பழம்

நம் ஊரில் வைகாசி, ஆனியில் காற்றே மாம்பழமாக மணக்கும். மண்டி வாசலில் நிற்கும்போது யாருக்கும் கை போகும். சும்மா இருக்கும் நேரத்தில்தான் வாய் கேட்கும். மாம்பழம், இளநீர், வாழைப்பழம், பாலக்கோட்டுத் தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. அது ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறினால் இதயம் சட்டென்று நின்றுவிடலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஹாலில் ஒரு பெரியவர் "ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை மூன்று செந்தூரா சாப்பிட்டார். அன்று ராத்திரியே ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். எவ்வளவு சாப்பிடலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் ரத்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

போன் நம்பரை மாற்றுவது

மாற்றாதீர்கள். மாற்றினால் அன்றே ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லுங்கள். ஒகேனக்கல் பக்கம் போவதாக இருந்தால் வீட்டில் இருப்பவர் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பிஸ்டுலாக் கையில் குடம் தூக்குவது

கூடாது. பிஸ்டுலா என்பது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம். பிரஷர் பார்க்கவும் அந்தக் கையைக் கொடுக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், பூனை வயிற்றைத் தொட்டதுபோல ஒரு அதிர்வு இருக்கும். இல்லையென்றால் உடனே ஓடுங்கள்.

ரத்த ரிப்போர்ட்டில் வரும் கிரியாட்டினின் எண்ணை அடுத்த படுக்கையோடு ஒப்பிடுவது

வேண்டாம்.

மிஷின் மட்டும்தான் வழி என்று நினைப்பது

வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் இதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது. கேட்டாவது பாருங்கள். பஸ்ஸிலும் படுக்கையிலும் போகும் நேரம் மிச்சமாகும்.

பர்கூர்த் தம்பிக்கு இந்த வாரம் வியாழக்கிழமை டயாலிசிஸ் இல்லை. காலை எட்டு மணிக்குள் போய்ப் பல் பிரிவில் சீட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய அம்மாவின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன், புதன்கிழமை ராத்திரி ஒரு தடவை ஞாபகப்படுத்த.