பாஸ்டன் பழைய சிறையில் ஒரு மாலை

பாஸ்டன் செல்பவர்கள் 'லிபர்ட்டி' ஹோட்டலைப் பார்க்காமல் வராதீர்கள். 1851-ல் கட்டிய சார்லஸ் ஸ்ட்ரீட் சிறைதான் அது. 1990-ல் மூடி, 2007-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள். குடிபோதையில் பிடிபட்டவர்களை அடைத்த அறைகளில் இன்று 'அலிபை' பார் நடக்கிறது.

ரெட் லைன் ரயிலில் சார்லஸ்/எம்ஜிஎச் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மது அருந்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயதுச் சான்றாக எந்தெந்த ஆவணத்தை நம்பினால் பாருக்குச் சிக்கல் வராது என்று மாநிலச் சட்டமே வரையறுத்திருக்கிறது. வெளிநாட்டு ஓட்டுநர் உரிமம் அதில் இல்லை. நரைத்த தலையாக இருந்தாலும் கேட்பார்கள். நகலோ செல்போன் படமோ செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட நேரத்தில் மதுவை விலை குறைத்துத் தரும் 'ஹேப்பி ஹவர்' தள்ளுபடிக்குக் காத்திருக்காதீர்கள், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1984 முதலே அதற்குத் தடை. பில்லில் 7% வரி சேரும். டிப்ஸ் 18-20%, வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும்.

குடிக்காதவர்களும் போகலாம். எஸ்கலேட்டரில் ஏறினால் லாபி. தலைக்கு மேலே 90 அடி உயர எண்கோணக் கூடம், சுற்றிலும் காவலர்கள் நடந்த மாடங்கள். வாரநாளில், வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் கூட்டம்தான் தெரியும், கட்டடம் தெரியாது.